இரண்டு முறை விதவையானவள்

ஆடிச் சாரல் நேரத்தில் குற்றாலத்தில் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் தியானக் கூடுகை ஒன்று நடந்தது. தென்காசியிலிருந்து நாங்களும் போயிருந்தோம். பாடம் கலாத்தியர் நிருபம். மனிதர் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளால் அல்ல, விசுவாசத்தினாலேயே நீதிமான்களாகிறார்கள் என்பதை ஐயரம்மா நன்றாகவே விளக்கினார். (எங்கள் பக்கம் சேகரகுருவை ஐயர் என்போம், அவர் மனைவியை ஐயரம்மா என்போம்.) எல்லோரும் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தோம். பின்வரிசையில் இருந்த ஓர் அக்கா எழுந்து, "விசுவாசத்தால விடுதலைன்னா, எனக்கு ஏம்மா திருவிருந்து இல்ல?" என்று கேட்டாள்.

அக்கா பீடி சுற்றுகிறவள். சபையில் வைத்துக் கலியாணம் ஆனவள். கணவன் பம்பாய்க்கு வேலைக்குப் போனான், திரும்பவே இல்லை. சில வருடங்கள் கழித்து ஒரு கொத்தனாரோடு வாழத் தொடங்கினாள்; அவருக்கு இரண்டு பிள்ளைகள் பெற்றாள். அன்றிலிருந்து அவளுக்குத் திருவிருந்து நிறுத்தப்பட்டிருக்கிறது. அவள் போடும் காணிக்கையை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. அசனத்துக்கு அவள் காய் நறுக்குகிறாள், பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். பீடத்தருகே முழங்கால்படியிட மட்டும் அவளால் முடியாது.

ஐயரம்மா, "அது ஒழுங்கு சம்பந்தப்பட்டதும்மா" என்றார். அதோடு மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்துவிட்டார்கள்.

அந்தக் கேள்விக்கு என்னிடமும் அப்போது பதில் இல்லை. ஆனால் அது புதிய கேள்வி இல்லை என்பது தெரியும். எங்கள் திருமண்டலத்தின் வரலாறே அதில்தான் தொடங்குகிறது. தென்காசி 2019-இல் தனி மாவட்டமாகிவிட்டாலும், சபைக் கணக்கில் நாங்கள் இன்றும் திருநெல்வேலித் திருமண்டலம். அந்தத் திருமண்டலம் தன் தாயாகக் கொண்டாடும் பெண் கிளாரிந்தா. அவளும் இப்படித்தான் மறுக்கப்பட்டாள்.

கதையின் எலும்புக்கூடு இது. தஞ்சாவூர்ப் பக்கத்து மராட்டியப் பிராமண விதவை ஒருத்தி லிட்டில்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரியோடு வாழ்ந்தாள். கிறிஸ்தவத்தைப் பற்றி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவனே. அவள் ஞானஸ்நானம் கேட்டாள். சுவார்ட்ஸ் ஐயர் மறுத்தார். அவள் அந்த மனிதனுக்கு மனைவி இல்லை என்பதே காரணம். அதிகாரி இறந்தான். 1778-இல் பாளையங்கோட்டையில் சுவார்ட்ஸ் அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1780-இல் அங்கே எழுதப்பட்ட சபைப் பட்டியலில் 40 பேர். முதல் பெயர் அவளுடையது. அவள் முயற்சியில் எழுந்த ஆலயத்தை 1785-இல் சுவார்ட்ஸே வந்து பிரதிஷ்டை செய்தார். அந்தக் கட்டடம் இன்றும் இருக்கிறது. ஊர் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்கிறது. யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்று போதிக்கும் சபையின் முதல் கட்டடத்தை, அதைக் கட்டியவளின் சாதியைச் சொல்லித்தான் நாம் அடையாளம் காட்டுகிறோம்.

இந்தக் கதை மூன்று விதமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது.

முதலாவது, சுவார்ட்ஸின் குறிப்பு. சில வரிகள்தான். அதிகாரி இறந்தபின் அவள் ஒழுங்காக நடந்துகொண்டாள் என்பது அதில் முக்கியமான செய்தி. நன்னடத்தைக்குப் பின்தான் தண்ணீர்.

இரண்டாவது, சபை மரபு. ஸ்தோத்திரப் பண்டிகைப் பிரசங்கங்களிலும் ஞாயிறு பள்ளியிலும் நாங்கள் கேட்டு வளர்ந்த கிளாரிந்தா, கோயில் கட்டியவள், கிணறு வெட்டியவள், ஏழைகளுக்குக் கொடுத்தவள். லிட்டில்டனோடு வாழ்ந்த வருடங்கள் அந்தப் பிரசங்கங்களில் ஒரு வாக்கியத்தில் கடந்துபோகும். நற்கிரியைகளால் அவள் பழைய கணக்கைத் தீர்த்துவிட்டாள் என்ற தொனி அதில் உண்டு.

மூன்றாவது, அ. மாதவையாவின் நாவல். பெருங்குளத்தில் பிறந்து, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, உப்பு இலாகாவில் வேலை பார்த்த மாதவையா, 1915-இல் கிளாரிந்தாவைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு வரலாற்று நாவல் எழுதினார். சரோஜினி பாக்கியமுத்து அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். விதவைகள் பற்றி மாதவையா அதற்கு முன்பே யோசித்தவர். 'முத்துமீனாட்சி' அதற்குச் சாட்சி. கிறிஸ்தவர் அல்லாத ஒரு பிராமணர், தன் சாதியின் கொடுமையை இவ்வளவு நேராகப் பார்த்து, தன் சாதியை விட்டு வெளியேறிய பெண்ணை இவ்வளவு மரியாதையோடு எழுதியது சாதாரண காரியமில்லை. ஆனால் நாவல் அவளை முதலில் சிதைக்கு அருகே கொண்டுபோய் நிறுத்துகிறது. கணவனோடு எரிக்கப்பட இருந்தவளை அந்த ஆங்கிலேயன் மீட்கிறான். அதன்பின் அவள் அவனோடு வாழ்வதை யார் குறை சொல்ல முடியும்? நெருப்பிலிருந்து வந்தவள் என்பதால் வாசகர் மன்னித்துவிடுகிறார். அவள் சிதைக்கு இழுக்கப்படாமல், தன் விருப்பத்தால் ஓர் ஆளோடு வாழப் போயிருந்தால்? அந்தப் பெண்ணை நாவல் தாங்கியிருக்காது என்றே நினைக்கிறேன்.

நன்னடத்தை, நற்கிரியை, பட்ட துன்பம் என்று ஆளுக்கொரு காரணத்தை இவர்கள் முன்வைக்கிறார்கள். மூன்றுமே அவளுக்கு ஒரு தகுதியைத் தேடிக் கொடுக்கின்றன. அவள் விசுவாசித்தாள், அதனால் ஏற்கப்பட்டாள் என்று மூன்றில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. தகுதி வேண்டியதில்லை என்பதையே நற்செய்தியாக அறிவிக்கும் சபை, தன் முதல் பெண்ணின் கதையைத் தகுதியின் கதையாகத்தான் சொல்லிவருகிறது.

சுவார்ட்ஸ் எந்த மரபிலிருந்து வந்தவர் என்பதையும் பார்க்க வேண்டும். அவர் லுத்தரன் மிஷனரி. அந்த மரபின் அடித்தளமே கலாத்தியர் நிருபம். கிறிஸ்தவ சுதந்திரத்தைப் பற்றி 1520-இல் லூதர் தனி நூல் எழுதினார். கலாத்தியர் நிருபத்தின் மேல் அவருக்கு இருந்த பிரியத்தில் அதைத் தன் மனைவி கத்தரீனா என்றே செல்லமாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் கத்தரீனா யார்? கன்னியர் மடத்திலிருந்து தப்பி வந்த கன்னிகாஸ்திரீ. லூதர் துறவி. சபைச் சட்டப்படி இருவரும் திருமணமே செய்யக்கூடாதவர்கள். 1525-இல் செய்துகொண்டார்கள். மனிதர் போட்ட பொருத்தனைச் சட்டம் மனச்சாட்சியைக் கட்டாது என்று நியாயம் சொன்னார்கள். சட்டத்தை மீறிய ஒரு தம்பதியின் வீட்டிலிருந்து பிறந்த மரபு அது. அந்த மரபின் ஐயர், இரண்டு சட்டங்களுக்கு நடுவில் சிக்கிய ஒரு பெண்ணிடம், சட்டப்படி மனைவியாகிவிட்டு வா என்றார்.

அவள் எப்படி ஆக முடியும்? பிராமணச் சட்டம் விதவைக்கு மறுமணத்தை மறுத்தது. மனைவியாக்க வேண்டியவன் அந்த அதிகாரி. அவன் அதைச் செய்யவில்லை. அவனுக்கு இங்கிலாந்தில் மனைவி இருந்தாள் என்று மரபு சொல்கிறது. இருந்தாளோ இல்லையோ, முடிவு அவன் கையில் இருந்தது, தண்டனை அவள் தலையில் விழுந்தது. அவளோடு வாழ்ந்ததற்காக அவன் பெற்ற ஞானஸ்நானம் பறிபோய்விடவில்லை. அவளுக்குத்தான் அது மறுக்கப்பட்டது. அந்த முடிச்சை அவிழ்த்தது அவன் மரணம். அவள் இரண்டாம் முறை விதவையான பிறகே சபை அவளுக்குத் தலையில் தண்ணீர் ஊற்றியது. விதவைக் கோலத்திலிருந்து தப்பி வந்தவளை, மறுபடி விதவையாகத்தான் அது ஏற்றுக்கொண்டது.

சுவார்ட்ஸின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. கம்பெனி காலத்து அதிகாரிகள் இங்குள்ள பெண்களை வைத்துக்கொண்டு, பணிமாற்றல் வந்ததும் விட்டுவிட்டுப் போன காலம் அது. முறையான திருமணம் வேண்டும் என்பது பெண்ணுக்குப் பாதுகாப்பு. நான் இதை லேசாக ஒதுக்க மாட்டேன். ஆனால் பாதுகாப்பதற்கான சட்டம் என்றால் அது அந்த ஆணைப் பிடித்திருக்க வேண்டும். பாதுகாக்கப்பட வேண்டியவளையே வாசலில் நிறுத்திவைப்பது என்ன பாதுகாப்பு?

பவுல் அந்த நிருபத்தை எழுதியது எதற்காக என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியை விட்டு விலகிக்கொண்டார். பவுல் எல்லார் முன்பாகவும் அவரைக் கண்டித்தார். அதாவது விசுவாசமா சட்டமா என்ற வாதம் ஒரு சாப்பாட்டுப் பந்தியில்தான் முற்றியது. யார் யாரோடு உட்காரலாம் என்பதே கேள்வி. சட்டத்தின் அடையாளமாக அன்று கேட்கப்பட்ட விருத்தசேதனமோ ஆண் உடலுக்கானது. அந்தச் சுமையை பவுல் இறக்கிவைத்தார். ஆண்களின் உடலிலிருந்து இறங்கிய சட்டம் பிறகு பெண்களின் உடலில் ஏறி உட்கார்ந்துகொண்டது: முக்காடு, நகை, தாலி, பொட்டு, யாரோடு படுத்தாள் என்ற விசாரணை. எங்கள் பக்கத்து ஜெபவீடுகள் சிலவற்றில் ஞானஸ்நானத்துக்கு முன் பெண்கள் நகையைக் கழற்றியாக வேண்டும். அவர்களைப் பார்த்து நாங்கள் சிரிப்போம். எங்கள் பீடத்தில் எந்தச் சட்டம் காவல் நிற்கிறது என்று நாங்கள் கேட்டதில்லை.

பவுலையும் நான் முழுக்க நம்பிக் கைகொடுக்க மாட்டேன். அதே நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில், அடிமைத்தனத்துக்கு உருவகமாக அவர் எடுத்துக்கொள்வது ஆகாரை. சாராளின் அடிமை; ஆபிரகாமுக்குப் பிள்ளை பெற வைக்கப்பட்டவள்; பிறகு பிள்ளையோடு வனாந்தரத்துக்கு விரட்டப்பட்டவள். மனைவியின் பிள்ளை சுதந்திரம், அடிமையின் பிள்ளை அடிமைத்தனம் என்று எழுத அவருக்குக் கை கூசவில்லை. விடுதலையைப் பற்றிய நிருபத்திலேயே, தாலியில்லாமல் பிள்ளை பெற்றவள் வெளியே தள்ளப்படுகிறாள். மூன்றாம் அதிகாரத்தில் ஆணென்றும் பெண்ணென்றும் இல்லை என்றவர், அடுத்த அதிகாரத்துக்குள் அதை மறந்துவிட்டார். ஆகவே பெண்கள் இந்த நிருபத்தைப் படிக்கும்போது மூன்றாம் அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்காம் அதிகாரத்தைக் கேள்வி கேட்க வேண்டும்.

அக்காவின் கதைக்கு வருகிறேன். கணவன் விட்டுப்போனபோது அவள் விவாகரத்து வாங்கியிருக்கலாமே என்று கூடுகையில் ஒருவர் கேட்டார். 1869-ஆம் ஆண்டு இந்திய விவாகரத்துச் சட்டப்படி, கிறிஸ்தவக் கணவன் மனைவியின் கள்ள உறவு ஒன்றைக் காட்டினாலே போதும். மனைவிக்கு அது போதாது. கணவனின் கள்ள உறவோடு கொடுமையையோ, இரண்டு வருடம் கைவிட்டதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். பம்பாயில் எங்கே இருக்கிறான் என்றே தெரியாதவனின் கள்ள உறவைத் தென்காசியில் பீடி சுற்றுகிறவள் எப்படி நிரூபிப்பாள்? 1995-இல் கேரள உயர் நீதிமன்றம் அந்தப் பாகுபாட்டை நீக்கி, கொடுமையும் கைவிடலும் தனித்தனியே போதும் என்றது. செங்கோட்டை தாண்டி, புளியரை தாண்டி, ஆரியங்காவு போனால் ஒரு பெண்ணுக்குக் கிடைத்த நியாயம் அது. நாடு முழுவதற்குமாகச் சட்டம் திருத்தப்பட்டது 2001-இல். அந்தச் செய்தியை அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை. அதற்குள் அவளுக்கு இரண்டு பிள்ளைகள். 1778-இல் இருந்தது போலவே, அவளைக் குற்றவாளியாக்கியதும் ஒரு சட்டம், அந்தக் குற்றத்துக்குத் தண்டித்ததும் ஒரு சட்டம்.

அன்று சாயங்காலம் எல்லோரும் ஐந்தருவிக்குப் போனோம். பெண்கள் பக்கத்தில் நல்ல கூட்டம். அக்கா முதல் ஆளாய்ப் போய்த் தலையைக் கொடுத்தாள். ஊர்திரும்பிய பிறகு நான் அவளிடம் கிளாரிந்தாவின் கதையைச் சொன்னேன், சரோஜினி பாக்கியமுத்துவின் தமிழ் நாவலையும் கொடுத்தேன். பத்து நாளில் படித்து முடித்துவிட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"கத நல்லாத்தான் இருக்கு. அந்தாளு செத்த பெறவுதானே அவளுக்குக் குடுத்தாவ?" என்றாள். "ஆமாக்கா" என்றேன். "அப்ப நானும் எங்க வீட்டு ஆளு எப்பச் சாவாருன்னு காத்துக் கெடக்கணுமாக்கும்."

சங்கத்தின் அடுத்த மாதக் கூட்டத்தில் நான்கு பெண்கள் சேர்ந்து சேகரக் கமிட்டிக்கு ஒரு மனு எழுதினோம். அக்காவின் நன்னடத்தையைப் பற்றியோ, அவள் காணிக்கையைப் பற்றியோ, அவள் பட்ட கஷ்டத்தைப் பற்றியோ அதில் ஒரு வரியும் இல்லை. எழுதலாமே, அனுதாபம் வரும் என்றார்கள். வேண்டாம் என்றோம். அவள் விசுவாசிக்கிறாள், பீடத்துக்கு வர விரும்புகிறாள் என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். பதில் இன்னும் வரவில்லை.