தளர்த்துவதா, இறுக்குவதா?

நான்காம் கபால நரம்பு செயலிழந்தால் கண்ணின் மேற்சாய்தசை வலுவிழக்கும். அந்தக் கண் சற்று மேலேறி நிற்கும். மாடிப்படி இறங்கும்போது ஒரு படி இரண்டாகத் தெரியும். அதைத் தவிர்க்கத் தலை தானாகவே எதிர்த்தோள் பக்கம் சாயும். பிறவியிலேயே இந்தக் குறை உள்ள குழந்தையைக் கழுத்துச் சுளுக்கு என்று எண்ணிப் பிசியோதெரபிக்கு அழைத்துச் செல்லும் பெற்றோரும் உண்டு.

இதற்கு அறுவை மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் நாடுவது, எதிராக இழுக்கும் கீழ்ச்சாய்தசையைத் தளர்த்தும் முறையை. அந்த விருப்பத்தில் நியாயம் இருக்கிறது. ஏறத்தாழ 10 முதல் 15 பிரிசம் டயாப்டர் (கண் விலகலை அளக்கும் அலகு) வரையான விலகலை இது ஒன்றே சரிசெய்துவிடும். தசை எவ்வளவு மிகையாக இயங்குகிறதோ, பலனும் அவ்வளவு கூடும். அதனால் கண் மறுபக்கம் விலகிப்போவது அரிது.

ஆனால் பழகிய கை எல்லோருக்கும் இதையே செய்யும்போதுதான் சிக்கல். தலையில் அடிபட்டு இரு பக்க நரம்பும் பாதிக்கப்பட்டவருக்கு மேல் கீழ் விலகலைவிடக் கண்ணின் சுழற்சியே பெருந்தொல்லை. ஒரு பிம்பம் சாய்ந்தே தெரியும். கீழே பார்த்துப் படிக்கவே முடியாது. அவருக்கு உதவுவது, மேற்சாய்தசையின் முன் இழைகளை மட்டும் இழுத்துத் தைக்கும் ஹராடா–இடோ முறை. 1964-இல் வெளிவந்த இது இன்றும் ஈடுகொடுக்கிறது.

மேற்சாய்தசையின் தசைநாணையே மடித்துத் தைத்துச் சுருக்குவது மூன்றாவது வழி. பிறவியிலேயே தசைநாண் தொளதொளவென்று இருந்தால் இது மிகப் பொருத்தம். இயல்பான தசைநாணை இப்படி இறுக்கினால், மூக்குப் பக்கம் திரும்பிய கண்ணை மேலே உயர்த்த முடியாமல் போகும். மயக்கம் கொடுத்தபின் இடுக்கியால் விழியைப் பிடித்துப் பின்னால் அழுத்திச் சுழற்றினால், தசைநாணின் இறுக்கம் கைக்குத் தெரிந்துவிடும். ஓரிரு நிமிட வேலைதான். அதைத் தவிர்த்துவிட்டு மடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மறுகண்ணின் கீழ்நேர்தசையைப் பின்னகர்த்தும் முறையும் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 3 பிரிசம் டயாப்டர் என்று கணக்கிட்டுச் செய்யலாம். கீழிமை இறங்கிவிடலாம் என்பதும், நாளடைவில் திருத்தம் மிகையாகலாம் என்பதும் இதன் குறைகள்.

ஆகவே, பெரும்பாலோருக்குக் கீழ்ச்சாய்தசையில் தொடங்குவதே சரி. ஆனால் அளந்து பார்த்த பிறகு. விபத்தால் வந்த பாதிப்பு தானாகவே குறையக்கூடும் என்பதால் ஆறு மாதமாவது பொறுத்திருப்பது வழக்கம். அதன்பின் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன், கண்ணின் சுழற்சியை அளந்தாயிற்றா என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள்.