வலை யாருடையது?

ஆவடிப் பக்கம் நான் தமிழ் நடத்தும் கல்லூரியில், புதுமைப் பெண் திட்டப் பணம் கணக்கில் ஏறும் நாளில் வகுப்பு கலகலப்பாக இருக்கும். பட்டாபிராமிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் வருகிற, அரசுப் பள்ளியில் படித்த பெண்கள். பலருடைய அம்மாக்கள் அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பவர்கள். மாதம் ஆயிரம் ரூபாய் அவர்களுக்குச் சின்னத் தொகை அல்ல. திட்டத்தின் முழுப்பெயரில் வரும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் யார் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

1989இல் அவர் பெயரில் வந்தது திருமண உதவித் திட்டம். 2022இல்தான் அது உயர்கல்விக்கு மாறியது. தாசி மரபுக்குள் வளர்ந்து, அதை உதறி, தன் இசை ஆசிரியரை மணந்தவர். 1938இல் இந்தி எதிர்ப்புப் படையோடு திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தவர். 1936இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற நாவலை எழுதியவர். இதையெல்லாம் சொன்னேன்.

வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி தயங்கி நின்றாள். "மேம், எங்க கொள்ளுப்பாட்டி பொட்டுக் கட்டினவங்கன்னு சொல்வாங்க. வீட்ல அதைப் பேசவே மாட்டாங்க. அந்தத் தலைப்புல மோசம் பண்றது அவங்கதானா?"

இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறேன். அந்தத் தலைப்பை அப்படி நான் வாசித்ததே இல்லை.

நாவலுக்குள் தாசிகுலத்தில் பிறந்து அந்த முறையை எதிர்க்கும் பெண்கள் வருகிறார்கள். கோயிலையும் புராணத்தையும் கேள்வி கேட்கிறார்கள். அம்மையாரின் கோபம் உள்ளேயிருந்து வந்தது. அதில் பொய் இல்லை. ஆனால் தலைப்பு வேறொன்று சொல்கிறது. வலை விரிப்பவள் தாசி, விழுபவன் மைனர், கடைசியில் மதி வருவதும் அவனுக்கே. சொத்தும் சாதியும் கையில் வைத்திருந்தவன் ஏமாளியாகிறான். சீர்திருத்தத்தின் பக்கம் ஊரை இழுக்க, தன் பெண்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியிருந்தது. அது அவருடைய குறை மட்டுமல்ல, அன்றைய வாசகர் யார் என்பதன் அடையாளமும்கூட.

எதிர்ப்பக்கம் நின்றவர்களும் பெண்கள்தான். 1920களின் இறுதியில் முத்துலட்சுமி ரெட்டி பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டசபையில் முயன்றபோது, தேவதாசிகள் சங்கமாகத் திரண்டு மறுப்புத் தெரிவித்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களில் ஒருவர். முத்துப்பழனி எழுதிய தெலுங்குக் காவியமான 'ராதிகா சாந்தவனமு'வை 1910இல் பதிப்பித்து, ஆபாசம் என்ற பழியையும் அரசின் தடையையும் சந்தித்தவர். எங்களை விலைமாதர் என்று எழுதாதீர்கள், கலையும் கல்வியும் எங்களுக்கும் உண்டு என்பது அவர்கள் வாதம்.

இந்த இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இராமாமிர்தம் அம்மையார் பக்கமே நிற்பேன். விவரம் தெரியாத சிறுமிக்குப் பொட்டுக் கட்டும்போது அவள் சம்மதம் எங்கே இருந்தது? இதற்கு நாகரத்தினம்மாள் தரப்பில் பதில் இல்லை. 1947இல் வந்த சட்டம் வந்தே ஆகவேண்டிய சட்டம். ஆனால் அந்த வெற்றிக்குக் கொடுத்த விலையைப் பெண்ணியம் எண்ணிப் பார்க்க வேண்டும். நாவல் வந்த அதே 1936இல்தான் அடையாற்றில் கலாக்ஷேத்ரா தொடங்கியது. சதிர் பரதநாட்டியமாகி மேடையேறியது. அதை ஆடிய குடும்பங்களுக்கு மிஞ்சியது வாய்க்கு வந்தபடி வீசப்படும் ஒரு வசைச்சொல். நம் தெருக்களில் இன்றும் பெண்கள் மீது வீசப்படும் அந்தச் சொல்லுக்கு இணையாக மைனர்களுக்கு ஒரு சொல் இல்லை. 'மைனர்' என்றால் இன்னும் செயின்தான் நினைவுக்கு வருகிறது.

இதையெல்லாம் அந்த மாணவியிடம் ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. "தலைப்போட நிறுத்தாதம்மா, உள்ளே படி. அப்புறம் நாம சண்டை போடலாம்" என்று என் பிரதியைக் கொடுத்தேன்.

மறுநாள் ரயில் நிலையத்தில் பார்த்தேன். படித்துக்கொண்டிருந்தாள். அட்டை தெரியாதபடி செய்தித்தாள் சுற்றியிருந்தாள்.