மாயாவிக்கு உடையவர் யார்?

படக்கதை வீரர்களைக் குறித்து நம்மவரிடையே இரு கட்சிகள் உண்டு. அவை சிறுவர் பொழுதுபோக்கு, அறிவுடையோர் கருதத்தக்கன அல்ல என்று ஒதுக்குவோர் ஒரு கட்சி. சினிமாக் கொட்டகையில் அவ்வீரர்களைக் கண்டு கைதட்டிவிட்டு வீடு திரும்புவோர் மறு கட்சி. அவ்வீரன் யாருடைய சொத்து, அவனைத் திரையில் ஏற்றும் உரிமையை யார் யாருக்கு விற்றார் என்ற கேள்வியை இரு கட்சியாரும் கேட்பதில்லை. கேட்டால், ஒரு நல்ல கதை ஏன் கெட்டது, ஒரு வீரன் ஏன் நடுவில் குணம் மாறினான் என்பனவற்றுக்கும் ஓரளவு விடை கிடைக்கும். ஆகவே இதை வக்கீல்களுக்கே உரிய விஷயம் என்று விட்டுவிடுதல் தகாது.

தமிழ்ச் சிறுவர் நன்கறிந்த இரும்புக்கை மாயாவியையே எடுத்துக்கொள்வோம். 1972-ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸின் முதல் இதழ் அவன் கதைதான். தமிழ் பேசினானே ஒழிய அவன் தமிழனல்லன். 1962-இல் இங்கிலாந்தில் ‘வேலியண்ட்’ என்னும் வாரப் பத்திரிகையில் பிறந்தவன். ஆய்வுக்கூட விபத்தில் ஒரு கையை இழந்து எஃகுக் கை பூண்டவன். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறையும். அந்தக் கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். முதலில் எழுதியவர் கென் புல்மர், பின்னர் டாம் டல்லி; வரைந்தவர் ஸ்பெயின் தேசத்து ஹெஸூஸ் பிளாஸ்கோ. அக்காலத்து ஆங்கிலச் சிறுவர் பத்திரிகைகளில் எழுதுவோர், வரைவோர் பெயரை அச்சிடும் வழக்கம் அரிது. கூலியைப் பெற்றுக்கொண்டு போக வேண்டியதுதான். பால் வெட்டுவோருக்கு மரத்தில் பாத்தியதை இல்லை என்பதை நன்கறிந்த நமக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனி, கதைக்கு நேர்ந்ததைப் பாருங்கள். தொடக்கத்தில் மாயாவி நல்லவனல்லன். மறையும் ஆற்றல் கிடைத்தவுடன் குற்றம் செய்யத் துணிகிறான். பிறர் கண்ணுக்குத் தெரியாதவன் ஏன் ஒழுங்காக நடக்க வேண்டும் என்ற பழைய வினாவே அக்கதைக்கு உயிர். பின்னரோ அவன் அரசாங்க ஒற்றனாகிறான். அதற்கும் அப்பால் வேஷம் பூண்ட வீரனாகிறான். அமெரிக்க வீரர்களுக்கு இருந்த கிராக்கியைக் கண்டு முதலாளிகள் மாட்டிய சட்டை அது என்பதே நமது துணிபு. 2018-இல் மாயாவியின் உரிமை ரெபெல்லியன் என்ற ஆங்கிலக் கம்பெனியின் கைக்குச் சென்றது. அவனைப் படமாக்க விரும்புவோர் தட்ட வேண்டிய கதவு அதுவே. எழுதியவர் வீட்டுக் கதவன்று.

அமெரிக்காவில் நடந்ததும் இதுவே. ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்னும் இரு இளைஞர்கள் 1938-இல் சூப்பர்மேனை 130 டாலருக்கு விற்றனர். 1975-இல், முதுமையில், பொதுமக்கள் முன் முறையிட்ட பின்னரே ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 20,000 டாலரும், பெயர் போடும் மரியாதையும் கிடைத்தன. இதைவிட வினோதமானது ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ விவகாரம். அக்கதையின் பட உரிமை ஒரு ஜெர்மானியக் கம்பெனியிடம் இருந்தது. 1992 முடிவதற்குள் படப்பிடிப்புத் தொடங்காவிடில் உரிமை போய்விடும். எனவே டிசம்பர் மாதக் கடைசியில், சொற்பப் பணத்தில், அவசரமாகத் தொடங்கினார்கள். படமும் முடிந்தது, ஆனால் எந்தக் கொட்டகைக்கும் வரவில்லை! குத்தகை நிலம் பறிபோகாதிருக்க ஒரு மூலையில் நான்கு கன்று நட்டுக் காட்டுவதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? படம் வெளிவரும் என்று நம்பி உழைத்த நடிகர்கள் ஏமாந்ததுதான் மிச்சம்.

தமிழர் இத்தகைய வாணிபத்துக்கு அப்பாற்பட்டவர் என்று எவரும் எண்ண வேண்டா. 1921-இல் மறைந்த பாரதியாரின் பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை ஒரு நகை வியாபாரியின் கைக்குப் போய், அவரிடமிருந்து பட முதலாளி ஏ. வி. மெய்யப்பனிடம் வந்து சேர்ந்தது. 1947-இல் அவர் எடுத்த ‘நாம் இருவர்’ படத்தில் அப்பாடல்கள் ஒலித்தன. மறு ஆண்டு டி. கே. எஸ். சகோதரர்கள் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதியார் பாட்டைச் சேர்த்தபோது வழக்கு எழுந்தது. கவியின் பாட்டைப் பாட ஒரு கம்பெனியின் அனுமதி வேண்டுமா என்று நாடே கேட்டது. 1949-இல் சென்னை அரசாங்கம் உரிமையை ஏற்றது. மெய்யப்பன் தம் பங்கை ஈடு பெறாமலே விட்டுக்கொடுத்தார். அது பாராட்டத்தக்க செயலே. 1955-இல் பாரதியார் எழுத்து பொதுச் சொத்தாயிற்று.

இதை மாபெரும் வெற்றி என்போர் உளர். வாசகனுக்கு வெற்றி என்பதில் ஐயமில்லை. குடும்பத்தாருக்கும் ஒரு தொகை வந்தது. ஆனால் வறுமையில் வாடிய கவிஞருக்கு அதனால் ஆனதென்ன? நாட்டுடைமை என்பது இறந்தவர் எழுத்துக்குச் செய்யும் பரிகாரம். உயிரோடிருந்து எழுதுபவனுக்கு வேண்டுவது, விற்ற உரிமை ஒரு காலத்தில் தன்னிடமே திரும்பும் என்ற உறுதி.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. உரிமை மாற்றப் பத்திரத்தில் காலவரை குறிக்கப்படாவிட்டால் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். எல்லை குறிக்கப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். வாங்கியவர் ஓராண்டுக்குள் அவ்வுரிமையைப் பயன்படுத்தாவிடில், பத்திரத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தாலொழிய, அது காலாவதியாகும்.

நமக்கும் இது தூரத்து விஷயமன்று. குளுவாங் நகருக்குப் பெயர் தந்த பெரிய வௌவாலின் பெயரையே பூண்ட ‘கெளுவாங் மேன்’ 1998-இல் தொலைக்காட்சியில் தோன்றி, 2025-இல் திரைப்படமாகவும் வந்துவிட்டான். நாளை ரெங்கத்து இளைஞன் ஒருவன் தோட்டத்தைக் களமாக்கி ஒரு வீரனைப் படைக்கலாம். அவனைத் தேடிப் பட முதலாளியும் வரலாம். இங்கே செல்வது 1987-ஆம் ஆண்டு மலேசியச் சட்டம். இந்தியச் சட்டம் அவன் துணைக்கு வாராது. ஆதலால் எத்தனை ஆண்டுக்கு, எந்த நாடுகளுக்கு, படம் எடுக்காவிட்டால் உரிமை எப்போது திரும்பும், படத்தில் தன் பெயர் எங்கே வரும் என்ற நான்கையும் அவன் பத்திரத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டு, அதன் பிறகு கையொப்பமிடட்டும்.