ஊர்ப் பெயரின் வாலைப் பிடியுங்கள்

இங்கிலாந்து வரைபடம் கையில் கிடைத்தால் ஊர்ப் பெயர்களைக் கடைசியிலிருந்து படியுங்கள். யார் யார் எங்கே வந்து குடியேறினார்கள் என்பது அந்த விகுதிகளில்தான் இருக்கிறது.

மான்செஸ்டர், வின்செஸ்டர், கோல்செஸ்டர் ஆகியவற்றில் வரும் 'செஸ்டர்', படைமுகாமைக் குறிக்கும் 'காஸ்ட்ரா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. கி.பி. 43-இல் படையெடுத்து வந்த ரோமானியர்களின் ஆட்சி 410 வாக்கில் முடிந்தது. ஆனால் இந்த விகுதியைச் சூட்டியவர்கள் அவர்கள் அல்லர். பின்னால் வந்த ஆங்கிலோ-சாக்சன்கள். ரோமானியர் விட்டுச்சென்ற மதில்களைப் பார்த்து வைத்த பெயர் இது. வடக்கே இதே சொல் 'காஸ்டர்' ஆனது: லூன் ஆற்றங்கரையில் லங்காஸ்டர், டான் ஆற்றங்கரையில் டான்காஸ்டர். லெஸ்டர், குளோஸ்டர், வூஸ்டர் மூன்றிலும் இதே கோட்டைதான். எழுத்தில் முழுசாக இருக்கிறது, பேச்சுதான் பாதியை விழுங்கிவிட்டது.

ஆங்கிலோ-சாக்சன்களின் சொந்த விகுதிகள் 'ஹாம்', 'டன்'. முன்னது குடியிருப்பு, பின்னது பண்ணை. பர்மிங்ஹாம் என்றால் பியோர்மா என்பவனின் கூட்டத்தார் வாழ்ந்த இடம். பிரெஸ்டன், பாதிரிமாரின் பண்ணை.

எனக்கு மிகவும் பிடித்தது 'பி'. 865-இல் டேனியப் பெரும்படை வந்திறங்கியது. 876-இல் அதில் ஒரு பகுதி நார்தம்ப்ரியாவின் நிலத்தைப் பங்கிட்டுக்கொண்டு ஏர் பிடித்தது என்று ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. கொள்ளையடிக்க வந்தவர்கள் உழவர்களான கதைக்கு கிரிம்ஸ்பி, விட்பி போன்ற பெயர்களே சாட்சி. அவர்கள் மொழியில் 'பி' என்றால் பண்ணை, சிற்றூர். இன்றைய டேனிஷ் மொழியில் அதற்கு நகரம் என்று பொருள். டெர்பிக்கு முன்பிருந்த பெயர் நார்த்வர்தி. டேனியர் வந்து அதையே மாற்றிவிட்டார்கள்.

லண்டனிலிருந்து வடமேற்கே போகும் பழைய ரோமானியச் சாலையான வாட்லிங் வீதியின்மேல் விரலை வையுங்கள். ஆல்ஃபிரட் மன்னருக்கும் டேனியத் தலைவன் குத்ரமுக்கும் ஏற்பட்ட எல்லை உடன்பாட்டில் இந்தச் சாலையின் பெயரும் வருகிறது. விரலுக்கு வடகிழக்கே 'பி'யும் அதைப் போன்ற இன்னொரு டேனிய விகுதியான 'தார்ப்'பும் மண்டிக் கிடக்கும். தென்மேற்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரு மன்னரின் ஒப்பந்தத்தை ஊர்ப் பெயர்கள் இத்தனை நூற்றாண்டுகளாகக் காத்து வருவது எனக்குப் பெரிய அதிசயம்.

அதைவிட அழகு கலப்புப் பெயர்கள். கிரிம்ஸ்டன் என்பதில் கிரிம் டேனிய ஆள்பெயர், 'டன்' ஆங்கில விகுதி. ஏற்கெனவே இருந்த ஊர் ஒரு டேனியன் கைக்குப் போனதன் அடையாளமாக ஆய்வாளர்கள் இதைப் பார்க்கிறார்கள். இரண்டு இனங்கள் ஒரே பெயருக்குள் குடித்தனம் செய்கின்றன.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. இன்றைய எழுத்தை அப்படியே நம்பக் கூடாது. ரக்பியின் விகுதி முதலில் 'பி' அல்ல, அரணைக் குறிக்கும் 'பர்' என்ற ஆங்கிலச் சொல். நாட்டிங்ஹாம், 1086-இல் தொகுத்த டூம்ஸ்டே பதிவேட்டில் 'ஸ்னாட்டிங்கெஹாம்' என்றிருக்கிறது. ஸ்னாட் என்பவனின் கூட்டத்தாருக்குரிய ஊர். முதலெழுத்து பிறகு உதிர்ந்துவிட்டது. எனவே பொருளை முடிவுசெய்யும் முன் ஊரின் மிகப் பழைய எழுத்து வடிவத்தைத் தேடுங்கள். 1923-இல் தொடங்கிய ஆங்கில ஊர்ப்பெயர்க் கழகம் இவற்றையெல்லாம் மாவட்டவாரியாகத் தொகுத்து வெளியிட்டு வருகிறது.

தொடங்குவதற்கு லிங்கன்ஷயர் நல்ல இடம். ஸ்பில்ஸ்பி, கேண்டில்ஸ்பி, ஆர்ம்ஸ்பி எல்லாம் அங்கே அருகருகே இருக்கின்றன.