திறன் வேறு, வலிமை வேறு
('ரெட் ஆர்மி' ஆவணப்படம் - ஒரு விமர்சனம்)

அறிவியல் ஏட்டில் திரைப்பட விமர்சனமா என்று வியக்காதீர்கள். சோவியத் நாட்டு ஐஸ் ஹாக்கி வீரர்களைப் பற்றி கேப் போல்ஸ்கி இயக்கி, 2014-இல் வெளிவந்த 'ரெட் ஆர்மி' நம் இயற்பியல் பாடத்திற்கு மிக அருகே வந்துவிட்டு, அதைச் சொல்லாமலே நகர்ந்துவிடும் படம்.

படத்தின் நாயகர் வியாசெஸ்லாவ் ஃபெட்டிசோவ். ஆனால் மனத்தில் நிற்பவர் முதுபெரும் பயிற்சியாளர் அனத்தோலி தராசோவ். செயற்கைப் பனித்தளங்கள் அரிதாக இருந்த காலத்தில் வீரர்களைத் தரையிலேயே பழக்கியவர் அவர். அர்க்காதி செர்னிஷோவுடன் சேர்ந்து அவர் பயிற்றுவித்த தேசிய அணி 1964, 1968, 1972 ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்றது. பழைய காட்சிகளில் வீரர்கள் குதிப்பதும் உருள்வதும் எடை தூக்குவதும் கண்ணுக்கு விருந்து.

ஆனால் ஏன் குதிக்க வேண்டும்? படம் இதற்கு விடை தரவில்லை. வேடிக்கையாகக் காட்டிவிட்டு மேலே செல்கிறது. முதற்குறை இதுவே.

விடையை நாம் காண்போம். 80 கிலோகிராம் எடையுள்ள வீரர் இருவர், நின்ற நிலையிலிருந்து வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தை அடைகின்றனர். இருவரும் பெறும் இயக்க ஆற்றல் 1000 ஜூல். ஒருவருக்கு 2 வினாடி ஆயிற்று, மற்றவருக்கு 2.5 வினாடி. முன்னவரின் சராசரித் திறன் 500 வாட். பின்னவருடையது 400 வாட். செய்த வேலை ஒன்றே. ஆயினும் பந்தயத் தட்டு முன்னவருக்கே கிடைக்கும்! பெரும் எடையை மெல்லத் தூக்குவது வலிமை. வேலையை விரைந்து முடிப்பதே திறன்.

தசை தன் உச்ச விசையைக் காட்டும்போது அசைவதே இல்லை. உச்ச வேகத்தில் சுருங்கும்போது விசை தருவதில்லை. இரண்டிலும் திறன் சுழி. விசைக்கும் வேகத்திற்கும் உள்ள இத்தொடர்பை ஏ. வி. ஹில் 1938-இல் சமன்பாடாகத் தந்தார். உச்சத் திறன் இடையில்தான் பிறக்கிறது. ஆகவேதான் எடை தூக்குவதோடு நில்லாமல் குதிக்கவும் வேண்டியிருக்கிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. சறுக்குக் காலணியின் தகடு முன்னும் பின்னும் வழுக்கும். ஓடும் வீரர் நேர் பின்னே உதைக்கமுடியாது; பக்கவாட்டில்தான் உதைக்கவேண்டும். எனவே தரைப் பயிற்சியில் பக்கவாட்டுத் தாவல் தனி மதிப்புடையது.

பின்னாளில் விக்டர் திகோனோவ் வீரர்களை ஆண்டின் பெரும்பகுதி முகாமிலேயே அடைத்துவைத்ததைப் படம் மனம் கலங்கும்படி காட்டுகிறது. பாராட்டுகிறோம். ஆனால் இங்கும் ஒரு சொல் தேவைப்பட்டது: களைத்த தசை வேலை செய்யும், திறன் தராது. ஒவ்வொரு தாவலுக்கும் இடையே ஓய்வும் பயிற்சியின் பகுதியே. இதைச் சொல்லாததால், வதைத்தால்தான் வெற்றி என்று இளைஞர் ஒருவர் எண்ணிவிடக்கூடும். அதுதான் என் அச்சம்.

மனித வரலாறாக இது சிறந்த படம். பயிற்சியின் வரலாறாகப் பாதிப்படம். பார்த்த மறுநாள், மாடிப்படியின் உயரத்தை அளந்து, நிறை, 9.8, உயரம் மூன்றையும் பெருக்கி, ஏறிய வினாடிகளால் வகுத்துப் பாருங்கள். விடுபட்ட மறுபாதி உங்கள் கால்களிலேயே விளங்கும்.