டைசனை வாசலிலேயே நிறுத்திய இடது கை

1990 பிப்ரவரி 11, டோக்கியோ டோம். மைக் டைசன் - பஸ்டர் டக்ளஸ். இந்தச் சண்டையை ஒருமுறையாவது முழுசாகப் பார்க்காதவர்கள் பாக்ஸிங் பார்த்தவர்கள் என்று நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் என்பதற்குக் கணக்கு கிடையாது. வீட்டில் டிவி சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுகிறார்கள். "மறுபடியும் அந்த ஜப்பான் சண்டையா?" என்று அடுக்களையிலிருந்து குரல் வரும். ஆமாம், மறுபடியும் அதேதான். அலுக்கவில்லையே, என்ன செய்ய?

காரணம் இருக்கிறது. இடியாகக் குத்துபவன், மூச்சு விட நேரம் தராமல் முன்னால் வந்துகொண்டே இருப்பவன், அப்படிப்பட்ட ஆளை எப்படிச் சமாளிப்பது? பாக்ஸிங் கற்றுக்கொள்கிற எல்லாரையும் தூங்கவிடாத கேள்வி இது. இதற்கு இத்தனை தெளிவான, இத்தனை அழகான விடை வேறெந்தச் சண்டையிலும் கிடையாது என்று அடித்துச் சொல்வேன்.

முதலில் டைசன் யார் என்று பாருங்கள். 1986-ல் ட்ரெவர் பெர்பிக்கை இரண்டாவது ரவுண்டில் சாய்த்து, 20 வயதில் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனவர். அந்த எடைப்பிரிவில் அத்தனை சின்ன வயதில் பட்டம் வென்றவர் வேறு யாரும் இல்லை. 1988-ல் அதுவரை தோல்வியே காணாத மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் முடித்தார். டிக்கெட் வாங்கியவர்கள் இருக்கையில் சரியாக உட்காருவதற்குள் ஆட்டம் காலி. டோக்கியோவுக்கு வரும்போது 37 சண்டை, 37 வெற்றி, அதில் 33 நாக்அவுட். எதிராளிகளில் பாதிப் பேர் மணி அடிக்கும் முன்பே தோற்றுப்போன முகத்தோடுதான் ரிங்குக்குள் வருவார்கள்.

எதிரே டக்ளஸ். ஏற்கெனவே நான்கு சண்டைகளில் தோற்றவர். சண்டைக்கு மூன்று வாரம் முன்புதான் அவருடைய அம்மா இறந்துபோயிருந்தார். லாஸ் வேகாஸில் பெரும்பாலான சூதாட்ட விடுதிகள் இந்தச் சண்டைக்குப் பந்தயமே வாங்கவில்லை. மிராஜ் கேசினோ மட்டும் வாங்கியது, 42-க்கு 1 என்ற கணக்கில். டக்ளஸ் மேல் ஒரு டாலர் கட்டி ஜெயித்தால் 42 டாலர். அவ்வளவுதான் அவருக்கு இருந்த மதிப்பு!

இனி விஷயத்துக்கு வருகிறேன். இப்படி முன்னால் வந்துகொண்டே இருக்கும் பிரஷர் ஃபைட்டருக்கு இரண்டு தேவை. ஒன்று, உங்கள் நெஞ்சுக்குப் பக்கத்தில் வந்துவிட வேண்டும். இரண்டு, வந்த இடத்தில் இரண்டு காலையும் தரையில் ஊன்ற வேண்டும். கால் ஊன்றாமல் பலம் கைக்கு வராது. டைசனுக்கு இது இன்னும் கட்டாயம். அவர் உயரம் 5 அடி 10 அங்குலம்தான், ரீச் (இரண்டு கையையும் விரித்த நீளம்) 71 அங்குலம். டக்ளஸின் ரீச் 83 அங்குலம். ஒரு முழு அடி வித்தியாசம்! இப்படி நீளமான கைகளைத் தாண்டி உள்ளே வரத்தான் பயிற்சியாளர் கஸ் டமாட்டோ டைசனுக்குப் பீக்-எ-பூ பாணியைச் சொல்லிக் கொடுத்திருந்தார். இரண்டு கையுறையும் கன்னத்தில், தலை இடமும் வலமும் ஆடிக்கொண்டே இருக்கும். வருகிற குத்து தோளுக்கு மேலே போக, அதற்கடியில் புகுந்து வந்து ஹூக் போடுவார்.

இப்படி ஒருவர் வந்தால் யாருக்கும் பின்னால் ஓடத்தான் தோன்றும். பின்னால் நேராக ஓடுவதைப் போல ஆபத்தானது வேறில்லை. நாலு எட்டில் கயிறு முதுகில் முட்டும், அப்புறம் அவர் ராஜ்ஜியம்தான். டக்ளஸ் ஓடவில்லை. முதல் ரவுண்டைப் பாருங்கள். மணி அடித்ததும் இடது கை நீள்கிறது. ஜாப். உடனே இன்னொரு ஜாப். டைசன் ஒரு காலை முன்னால் எடுத்து வைக்கும் அந்தக் கணத்தில், கால் தரையில் ஊன்றுவதற்குள், நெற்றியில் கையுறை. தலை பின்னால் போகிறது, கால் நின்றுவிடுகிறது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. வாசலில் நின்று ஒரு கையைக் குறுக்கே நீட்டி ஆளை மறிப்போமே, அதேதான். அந்த ஜாப் விழுவதை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், புல்லரிக்கும்.

ஜாப் மட்டும் போதாது, அது வெறும் காவல். ஜாப்பின் வாலைப் பிடித்துக்கொண்டே வலது கை நேராக வருகிறது. டைசன் இரண்டாவது குத்துக்கு நிற்கும்போது டக்ளஸ் அங்கே இல்லை, பக்கவாட்டில் ஒரு எட்டு நகர்ந்திருக்கிறார். அதையும் மீறி டைசன் உள்ளே புகுந்துவிட்டால்? டக்ளஸ் சும்மா அடி வாங்கிக்கொண்டு நிற்பதில்லை. டைசனின் இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிப் பிடித்து, தன் 231 பவுண்டு உடம்பை அவர் மேல் சாய்த்துவிடுகிறார். நடுவர் வந்து பிரிப்பார். பிரித்ததும் டைசன் மறுபடி அந்த இடைவெளியைக் கடக்க வேண்டும், மறுபடி ஜாப் வாங்க வேண்டும். ஒரு தடவை உள்ளே வரக் கொடுத்த விலை மொத்தமும் வீண். குனிந்து வருபவருக்கென்றே இன்னொரு மருந்தும் வைத்திருந்தார் மனுஷன், கீழிருந்து மேலே எகிறும் வலது அப்பர்கட். அதைப் பத்தாவது ரவுண்டில் சொல்கிறேன்.

இந்தச் சண்டையை வெறும் படமாகப் பார்த்துவிட்டுப் போகிறவன் இல்லை நான். வேலை முடிந்த சாயங்காலங்களில் வடசென்னையில் ஒரு சின்ன ஜிம்முக்குப் போகிறேன். அங்கே ஒரு அண்ணன் உண்டு. மூட்டை தூக்கிப் பழகிய தோள். ஸ்பாரிங்கில் அவர் எதிரே நின்றால் லாரி வருகிற மாதிரி இருக்கும். கார்னரில் நின்று வாத்தியார் கத்துவார்: "அவன் வர்றதுக்கு முன்னாடி கைய வைடா! வந்தப்புறம் வெச்சு என்னா புண்ணியம்?" டக்ளஸின் முதல் ரவுண்டை இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது. ஒருநாள் நான் கண்ணை அண்ணனுடைய கையிலிருந்து எடுத்து முன்னங்காலில் வைத்தேன். கால் எழும்பியது, என் இடது கை நீண்டது. டப். அண்ணன் ஒரு கணம் நின்றார். பலமான குத்தொன்றும் இல்லை, கொசு கடித்த அளவுதான் அவருக்கு. ஆனால் நின்றார்! எனக்கு உலகத்தையே ஜெயித்த சந்தோஷம். ரவுண்டு முடிந்ததும் என் முதுகில் தட்டி, "தம்பி, அந்தக் கை ரொம்பத் தொந்தரவா இருக்குடா" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு பாக்ஸிங்கில் கிடையாது.

டோக்கியோவில் டைசனுக்கும் அந்தக் கை தொந்தரவுதான் கொடுத்தது. ஐந்தாவது ரவுண்டிலேயே இடது கண் வீங்கத் தொடங்கியது. டைசனின் கார்னரில் வீக்கத்தை அழுத்தும் இரும்புகூட இல்லை! மெல்லிய ரப்பர் கையுறை ஒன்றில் ஐஸ் தண்ணீரை நிரப்பிக் கண்ணில் வைத்து ஒத்தினார்கள். உலகச் சாம்பியனின் கார்னர் இது! இவருக்குக் கார்னரில் வேலை வரும் என்று யாருமே நினைத்துப் பார்க்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

இத்தனைக்கும் நடுவில் எட்டாவது ரவுண்டு வருகிறதே, அங்கேதான் இந்தச் சண்டை பாடப் புத்தகத்தைத் தாண்டிக் காவியமாகிறது. ரவுண்டு முடிய சில விநாடிகள்தான் பாக்கி. டைசனின் வலது அப்பர்கட் ஒன்று எங்கிருந்தோ வந்து டக்ளஸைத் தரையில் போட்டது. எத்தனை ஜாப் போட்டாலும் இப்படி ஒன்று வந்தே தீரும். டைசனிடம் அடியே படாமல் தப்பலாம் என்பவன் கனவு காண்கிறான். டக்ளஸ் முகத்தைப் பாருங்கள், அதில் பயம் இல்லை. தன்மேலேயே எரிச்சல். கையுறையால் தரையை ஓங்கிக் குத்துகிறார். நடுவர் ஆக்டேவியோ மெய்ரான் ஒன்பது எண்ணும்போது எழுந்துவிட்டார். மணி அடித்தது.

ஒன்பதாவது ரவுண்டில் டைசன் முடித்துவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவரும் அந்த நினைப்பில்தான் பாய்ந்து வந்தார். டக்ளஸ் கூட்டுக்குள் ஒடுங்கவில்லை. அதே ஜாப், அதே வலது கை. ரவுண்டு முடியுமுன் கயிற்றில் சாய்ந்து தள்ளாடியது டைசன்! எப்போது பார்த்தாலும் இந்த இடத்தில் நான் எழுந்து நின்றுவிடுவேன்.

பத்தாவது ரவுண்டு. வரிசையாக ஜாப், டைசனின் கண் முழுக்க அந்த இடது கையே நிறைந்திருக்கிறது. அப்போது கீழிருந்து கிளம்பியது வலது அப்பர்கட். டைசனின் தலை பின்னால் மடங்கியது. அவர் விழுமுன்னே இடதும் வலதுமாக மாறி மாறிக் குத்துகள், கடைசியாக ஓர் இடது ஹூக். வாழ்க்கையில் முதல்முறையாகத் தொழில்முறைச் சண்டையில் தரையில் விழுந்தார் டைசன். தவழ்ந்து தடவி, கீழே கிடந்த மவுத் கார்டை எடுத்து, அதன் ஒரு முனையை வாயில் கவ்விக்கொண்டு எழுந்த அந்தக் காட்சி! நடுவர் அணைத்துப் பிடித்து ஆட்டத்தை நிறுத்திவிட்டார். எனக்கு இன்றுவரை ஆறாத எரிச்சல் ஒன்று உண்டு. அதுவரை முடிந்த ஒன்பது ரவுண்டுக்கு ஒரு நீதிபதி டைசனுக்கு ஒரு புள்ளி கூடுதலாகப் போட்டிருந்தார், இன்னொருவர் சமம் என்றார். எந்தச் சண்டையைப் பார்த்தார்களோ!

இடியாகக் குத்துபவரைச் சமாளிக்க டக்ளஸின் வழி ஒன்றுதானா என்றால், இல்லை. 1974-ல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனைக் கயிற்றில் சாய்ந்தபடி குத்தவிட்டு, கை சோர்ந்ததும் எட்டாவது ரவுண்டில் சாய்த்தார் முகமது அலி. 1980-ல் நம் சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி ஆடிய அதே அலிதான். 1996-ல் ஹோலிஃபீல்டு இதே டைசனை உடம்பு பலத்தால் பின்னால் தள்ளித் தள்ளியே பதினோராவது ரவுண்டில் முடித்தார். இரண்டும் அற்புதம். ஆனால் அலியின் தாடையும் ஹோலிஃபீல்டின் உடம்பும் நமக்கு எங்கே கிடைக்கும்? டக்ளஸின் வழிக்குத் தேவை நீட்டத் தெரிந்த ஒரு கை, எப்போது நீட்டுவது என்று தெரிந்த கண், விழுந்தாலும் திட்டத்தைக் கைவிடாத பிடிவாதம். மூன்றையும் பழகலாம்.

'சார்பட்டா பரம்பரை' படம் பார்த்து டான்சிங் ரோஸின் காலாட்டத்தில் சொக்கிப்போனவர்களுக்கு ஒரு வார்த்தை. தயவுசெய்து இந்தச் சண்டையின் கடைசி ஒரு நிமிடத் துணுக்கை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். பத்து ரவுண்டையும் பாருங்கள். முதல்முறை டக்ளஸின் இடது கையை மட்டும் பாருங்கள், இரண்டாம் முறை டைசனின் முன்னங்காலை மட்டும். மூன்றாம் முறை பார்க்கச் சொல்லி நான் கெஞ்ச வேண்டியிருக்காது.