61-ஆம் நாள்: ஒரு தீர்ப்பும் என் குறையும்

செட்டிகுளத்துல ஊருக்குள்ள ஏகாம்பரேஸ்வரர், குன்று மேல கரும்பு பிடிச்ச தண்டாயுதபாணி. கோயில் இருக்கிற எந்த ஊரிலும் பரம்பரை அறங்காவலர் யார், முதல் மரியாதை யாருக்கு என்ற சண்டை கிளம்பலாம். அது நேரே நீதிமன்றத்துக்குப் போகாது. தமிழ்நாடு இந்து சமய அறநிலையச் சட்டம் 1959, பிரிவு 63-ன்படி முதலில் விசாரிப்பவர் துறை அதிகாரி. அவர் உத்தரவை எதிர்த்து, பிரிவு 69-ன்படி 60 நாளுக்குள் ஆணையரிடம் மேல்முறையீடு செய்யணும்.

சரி, 61-ஆம் நாள் போனால்? ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன் என்று சொன்னால் ஆணையர் ஏற்கலாமா?

கூடாது என்றது உச்ச நீதிமன்றம். கணேசன் எதிர் அறநிலையத்துறை ஆணையர் வழக்கு, 3 மே 2019. நீதிபதிகள் அசோக் பூஷண், கே.எம்.ஜோசப்.

தீர்ப்பின் தர்க்கம் எளிமையானது. காலவரையறைச் சட்டம் 1963, பிரிவு 5 தாமதத்தைப் பொறுக்கும் அதிகாரம் தருகிறது. சிறப்புச் சட்டங்களுக்கு அதைக் கொண்டுபோவது பிரிவு 29(2). ஆனால் அந்தச் சட்டம் பேசுவது நீதிமன்றத்தில் போடும் வழக்குகளைப் பற்றி மட்டும்தான். ஆணையர் நீதிமன்றம் இல்லை. மேலும், உத்தரவின் நகல் வாங்க ஆன நாட்களைக் கழிக்க 1959 சட்டமே பிரிவு 115-ல் வழி தருகிறது. பிரிவு 5 போல எதையும் சொல்லவில்லை.

சொல்லுக்குச் சொல் படித்தால் இதில் ஓட்டை கண்டுபிடிப்பது கஷ்டம். என் குறை வேறு இடத்தில்.

29(2)-ன் அமைப்பு, நாம் மென்பொருளில் சொல்கிற 'டீஃபால்ட்' மாதிரி: வெளிப்படையாக விலக்காதவரை சலுகை உண்டு. தீர்ப்புக்குப் பிறகு ஆணையர் முன்னால் அது தலைகீழ்: வெளிப்படையாகச் சேர்க்காதவரை சலுகை இல்லை. 1995-ல் முக்ரி கோபாலன் வழக்கில், கேரள வாடகைச் சட்டத்தின் மேல்முறையீட்டு அதிகாரியை நீதிமன்றமாகவே கருதி, பிரிவு 5 பொருந்தும் என்றது இதே உச்ச நீதிமன்றம். அங்கே உட்கார்ந்திருந்தவர் மாவட்ட நீதிபதி. ஆணையரும் இரு தரப்பையும் கேட்டு உரிமையைத்தான் தீர்மானிக்கிறார். ஆக, செய்கிற வேலையைவிட நாற்காலியின் பெயருக்குத்தான் கனம் அதிகம்.

இழப்பும் சின்னதில்லை. பிரிவு 70-ன்படி சிவில் வழக்குப் போட, ஆணையரின் மேல்முறையீட்டு உத்தரவு வேணும். முதல் படியில் ஒரு நாள் தவறினால் அடுத்த படியும் போச்சு. பொதுவான சிவில் வழக்குகளையோ பிரிவு 108 தடுக்கிறது. மிச்சம் ரிட் மனு. அது உரிமையாகக் கேட்கிற மேல்முறையீடு அல்ல, உயர் நீதிமன்றத்தின் விருப்புரிமை.

காலக்கெடு இல்லாவிட்டால் கோயில் சண்டை தலைமுறைக்கும் ஓடும் என்பார்கள். நியாயம்தான். ஆனால் பிரிவு 5 தாமதமாக வருகிற எல்லாருக்கும் கதவு திறப்பதில்லை. போதிய காரணம் காட்டணும். தகவல் உரிமைச் சட்டம் 2005-ஐப் பாருங்க. முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள். போதிய காரணம் இருந்தால் பிறகும் ஏற்கலாம் என்று பிரிவு 19(1)-லேயே எழுதிவிட்டார்கள். ஒரு வாக்கியம்தான். தீர்ப்பாயத்தை உருவாக்கும் ஒவ்வொரு சட்டமும் அதை எழுதணும். எழுதாமல் விட்டதன் விலையைக் கொடுப்பவர், சட்டம் எழுதியவர் இல்லை. உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவர்.